பதினோரு மணி வெளிச்சம்

"டிவி இருக்கு, உன் வளையல் இருக்கு. எவர்சில்வர் டப்பா மட்டும் ஒண்ணொண்ணா காணாமப் போகுது. இது என்ன ரகத் திருடன்?"

வாசலில் கேமராவை மாட்டிவிட்டு இறங்கியபடியே கேட்டார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பிடித்துக்கொண்டிருந்த ஏணியை மடக்கி உள்ளே எடுத்துப் போனாள் மனைவி.

மறுநாள் கடையிலிருந்தே போனில் பார்த்தார். சரியாகப் பதினோரு மணிக்கு ஓர் உருவம் கேட்டைத் திறந்து வந்தது. முதுகுக்குப் பின்னால் தெருவெயில். முகம் தார் பூசியதுபோல் கறுப்பு. இடுப்பில் ஒரு மூட்டை.

"திருடன் வரும்போதே மூட்டையோட வர்றான்டி! நீ எங்க இருந்தே?"

"மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேங்க."

ஊர்க் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிறவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று மாலையே கேமரா செட்டிங்கைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டும் எக்ஸ்போஷரை இரண்டு புள்ளி ஏற்றினார்.

"இன்னும் ஏத்துங்க," என்றாள் மனைவி. "முகம் பளிச்சுனு தெரிய வேணாமா?"

கடைசிவரை ஏற்றினார்.

அடுத்த நாள் வந்த உருவம் வெள்ளை வெளேரென்று ஜொலித்தது. தலையைச் சுற்றி ஒளி வட்டம். கால் தரையில் பட்டதாகவே தெரியவில்லை. கடைக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஷட்டரை மெதுவாக்கிப் பாருங்களேன்," என்றாள் மனைவி. "எனக்கென்ன தெரியும், அந்த மெனுவுல போட்டிருக்கு."

மூன்றாம் நாள், ஒரு வாடிக்கையாளருக்கு லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது மணி பதினொன்று. திரையில் வெளிச்சம் நதிபோல் வழிந்து வந்தது. அதிலிருந்து ஒரு கை நீண்டது. இரண்டு. மூன்று. நான்காவது கை கேமராவைப் பார்த்து அசைந்தது.

"நாலு கை!"

வாடிக்கையாளரும் எட்டிப் பார்த்தார். "லென்ஸ் போட்டும் நாலுதான் சார் தெரியுது."

போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடிவந்தார். வாசல்படியிலேயே மண்டியிட்டு, அந்த நாலு கைக் காட்சியில் நிறுத்திய போனை நிமிர்த்தி வைத்துக் கைகூப்பினார்.

"திருடன்னு நினைச்சேனே! டப்பா என்ன, அடுப்பங்கரையையே எடுத்துக்கோ. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்கு என் பொண்ணை இந்தப் படி ஏறாதேன்னு சொல்லிட்டேன். ரெண்டு வருஷமாச்சு. கூப்பிட்டுப் பேச வாய் வரல. எங்க இருந்தாலும் அவ நல்லா இருக்கணும்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கையெழுத்து வாங்க வந்த தபால்காரம்மா, அவர் தோளுக்கு மேலாகப் போனை எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் சார் இருக்காங்க, தினம் இந்நேரத்துக்கு அம்மா சமையலை டப்பாவுல வாங்கிட்டுப் போறப்ப பாக்குறேனே... மேல இருக்கிற அந்த ரெண்டு கைதான் உங்க பேத்தியோடது."