காதுக்குப் பூட்டு

மேல்வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுத நேரத்தில், “வாடிக்கையாளரிடம் ஒருபோதும் குரலை உயர்த்தக் கூடாது” என்று நிசப்தம் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

“சார், கடைசியா சொன்னது கேக்கல. உங்க பக்கம் ஏதோ சத்தம்,” என்றாள் கணினித் திரையில் ஒரு பெண்.

“குரலை உயர்த்தக் கூடாதுன்னு சொன்னேன்!” என்று உயர்த்திச் சொன்னார் அவர்.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் தொலைபேசியில் இதமாகப் பேசக் கற்றுக்கொடுப்பது அவருடைய உத்தியோகம். மூன்றாவது மாடியில் இருந்த தன் வீட்டிலிருந்தே வேலை. குடியிருப்பின் மாடிப்படி, லிஃப்ட், குப்பைத்தொட்டி என்று ஒன்றையும் விடாமல் ‘நிசப்தம் காக்கவும்’ என்று அச்சடித்து ஒட்டியதால் கிடைத்த பட்டம்தான் நிசப்தம். சொந்தப் பெயரை அங்கே யாரும் தெரிந்துகொள்ள முயன்றதில்லை.

அன்று மாலையே அவர் கடைக்குப் போனார்.

“இதை மாட்டிட்டீங்கன்னா உலகமே கிடையாது சார்,” என்றான் விற்பனையாளன், ஒரு ஹெட்போனைப் பட்டுத்துணியில் ஏந்தி.

விலையைக் கேட்டதும் நிசப்தத்துக்குத் தலை லேசாகச் சுற்றியது. தலை சுற்றும் விலையில் பொருள் வாங்குகிறோம் என்பதில் ஒரு பெருமையும் இருந்தது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி வீடு திரும்பியதும் பெட்டியைப் புரட்டிப் பார்த்தாள்.

“இந்தக் காசுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கலாம்.”

“இதோட தரம் உனக்குப் புரியாது.”

“ரெண்டு காதுலயும் பஞ்சு வெச்சா ஆகாதா?”

“பஞ்சு வெக்கறவங்க ஒரு ரகம். நான் வேற ரகம்,” என்றார் நிசப்தம்.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போனதும் மாட்டிக்கொண்டார். அபாரம்! மின்விசிறியின் இரைச்சல் போன இடம் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இத்தனை நாளும் பாதி ஒளிந்திருந்த குழந்தையின் அழுகை, துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி பளிச்சென்று கேட்டது. அவருடைய குரலோ எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. அதனால் கொஞ்சம் அழுத்தியே பேசினார்.

பத்து நிமிடம் போயிருக்கும். பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. அதுநாள்வரை வாலை ஆட்டுவதைத் தவிர வேறொன்றும் அறியாத ஜீவன் அது. அடுத்து, கீழ்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

‘நல்லா இருந்த மனுஷங்களுக்கு இன்னிக்குன்னு பார்த்து என்ன வந்தது?’ என்று நொந்தபடி, நிசப்தம் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பேசினார்.

மதியம் மேலாளர் அழைத்தார். “என்ன சார் அது, உங்க வகுப்புல ஒரே கூச்சல்னு புகார் வருது?”

“அக்கம்பக்கம் சரியில்ல சார். பண்பு தெரியாத ஜனங்க. இன்னிக்கே ஒரு முடிவு கட்டறேன்.”

ஹெட்போனைக் கழற்றாமலே மாடி ஏறினார். கதவைத் திறந்த பெண்ணின் தோளில் குழந்தை விக்கிக்கொண்டிருந்தது.

“குழந்தையைக் கொஞ்சம் அடக்கக் கூடாதாம்மா? மனுஷன் வேலை செய்ய வேணாமா?”

அவள் வாய் வெகுநேரம் அசைந்தது. அவரையும் அவர் காதையும் மாறி மாறிக் காட்டினாள். கடைசியில் தலைக்கு மேல் கைகூப்பினாள்.

“மன்னிப்பெல்லாம் வேணாம். இனிமே பார்த்து நடந்துக்கோங்க,” என்று பெரிய மனது பண்ணிவிட்டு இறங்கினார். கீழ்வீட்டுத் தபால்காரரும் அப்படியே முகம் சிவக்க வாயசைத்துக் கைகூப்பினார். நாய்க்காரர் கூப்பவில்லை, படாரென்று கதவைச் சாத்தினார். அதுகூடக் கேட்கவில்லை என்பதில் நிசப்தத்துக்கு ஹெட்போன்மேல் மதிப்புக் கூடியது.

ஆனாலும் நாய் கேட்டது. எனவே பழையதைக் கொடுத்துவிட்டு, மேலே பணம் போட்டு, அதைவிட உசத்தியான ஒன்றை வாங்கி வந்தார். இதில் தன் குரல் சுத்தமாகவே கேட்கவில்லை. தொண்டை நரம்பு புடைக்கப் பேசினால்தான், பேசுகிறோம் என்பதே நிச்சயமானது.

அன்றிலிருந்து மேல்வீட்டில் தரையை இடித்தார்கள். பக்கத்துச் சுவரில் ஓயாமல் தட்டினார்கள். தபால்காரர் தொலைக்காட்சியோடு ரேடியோவையும் சேர்த்துக்கொண்டார்.

மாலையில் மனைவி ஏதோ சொன்னாள்.

“பார்த்தியா, இப்பத்தான் காசுக்கேத்த பொருள்!” என்றார் அவர்.

அவள் இரு காதையும் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். பொருளின் தரத்தைச் சொல்லிக் காட்டியதும் வாயடைத்துப்போனாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வகுப்பைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி இணையத்தில் வந்தார். “இதமாகப் பேசுவதன் முதல் படி...” என்று நிசப்தம் தொடங்கியதுமே, அதிகாரி தன் காதிலிருந்ததைப் பிடுங்கி மேஜைமேல் போட்டார். பாவம், நாய்ச்சத்தம் அங்கே வரைக்கும் போயிருக்கிறது! வகுப்பு பாதியிலேயே நின்றது.

மேலாளரிடமிருந்து செய்தி வந்தது: ‘திங்கட்கிழமைதான் கடைசி வாய்ப்பு. அன்றும் இப்படி என்றால் வேறு ஆளைப் போடச் சொல்லிவிட்டார்கள்.’

நிசப்தம் அதை இரண்டு முறை படித்தார். பதினெட்டு வருடச் சோற்றை ஒரு நாயும் ஒரு தபால்காரரும் சேர்ந்து பறிப்பதா? வீட்டில் சொல்லாமல் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைக்கு ஓடினார்.

“இருக்கறதுலயே உசத்தியானது வேணும். நாய்ச்சத்தம் அந்தப் பக்கமும் போகக் கூடாது. என் பிழைப்பே அதுலதான் இருக்கு.”

“நல்லவேளை வந்தீங்க, ஒண்ணுதான் மிச்சம்,” என்றாள் பில் போடும் பெண். “வாரண்டி கார்டுக்கு விலாசம் சொல்லுங்க சார்.”

அவர் கட்டடத்தின் பெயரைச் சொன்னார். மாற்றிக்கொள்ளக் கொண்டுவந்த ஹெட்போன் கழற்றி மேஜைமேல் இருந்ததால், அவள் சொன்ன பதில் வெகுகாலத்துக்குப் பிறகு முழுசாகக் காதில் விழுந்தது.

“அய்யோ பாவம், நீங்களும் அந்தக் கட்டடமா சார்? அங்க ஒருத்தர் விடாம இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க... மூணாவது மாடியில எவனோ காதை அடைச்சுக்கிட்டுப் பகல் பூரா கத்தறானாமே, நீங்க அவனுக்கு மேல்வீடா, கீழ்வீடா?”