அதாவது சார் எழுதிய நடத்தை விதிகள்

'சும்மா' என்ற ஒரே ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்டு ஓர் அரசு அலுவலகத்தையே அரை நாள் திண்டாட வைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் புதுச்சேரிக்காரர் என்பதில் எனக்குப் பெருமை. வருகைப் பதிவேட்டில் அவருக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அதை யாரும் பயன்படுத்தியதில்லை. பியூன் முதல் பெரிய மேடம் வரை எல்லோருக்கும் அவர் 'அதாவது சார்'.

பள்ளிக்கூடங்களைக் கவனித்துக்கொள்ளும் அலுவலகம் எங்களுடையது. நான் தட்டச்சர். எனக்கு எதிர் மேசை அவருடையது. ஐம்பதைத் தொட்ட ஒல்லி உருவம். வலது காதில் சிவப்புப் பென்சில், இடது காதில் நீலப் பென்சில். எதைக் கேட்டாலும் "அதாவது..." என்று ஆரம்பித்து, மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார். பதில் அங்கிருந்து இறங்கி வருவதற்குள் கேட்டவர் வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டே வந்துவிடலாம்.

ஒரு முறை மேடம் ஒரு ஃபைலை அவர் மேசையில் வைத்து, "இது அவசரம்" என்றார்.

"அதாவது மேடம், அவசரம்னா எப்படி? இன்னைக்குள்ள வேணும்ன்றதா, இப்பவே வேணும்ன்றதா, இல்ல மேலேருந்து யாராவது திட்டிட்டாங்களா?"

மூன்றாவதுதான் உண்மை. மேடம் ஃபைலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

டீக்கடையில் இன்னும் மோசம். "ஸ்ட்ராங்கா போடட்டுமா சார்?" என்று மாஸ்டர் கேட்டால், "ஸ்ட்ராங்குன்னா தூள் ஜாஸ்தியா, பால் கம்மியா?" என்பார். "இன்னா சார் நீங்க, டீ குடிக்க வந்தீங்களா, எனக்குப் பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்று மாஸ்டர் வாரத்துக்கு ஒரு முறையாவது அழுவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் சென்ற ஆண்டு மாணவர் நடத்தை விதிகளைத் திருத்தி எழுதும் வேலையைக் கொடுத்தார்கள்.

பழைய விதிப்புத்தகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நகலுக்கு நகல் எடுத்து, அதற்கும் நகல் எடுத்தது. மாட்டுவண்டியின் பின்னால் தொங்கக் கூடாது, டிரான்சிஸ்டர் கொண்டு வரக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. செல்போனைப் பற்றி ஒரு வரி கிடையாது. 'அடக்கமின்மை', 'தகாத பார்வை', 'கீழ்ப்படியாமை' என்று குற்றங்கள் வரிசையாக நின்றன. எதற்கும் விளக்கம் இல்லை. ஆசிரியர் அன்றைக்கு என்ன நினைக்கிறாரோ அதுதான் அர்த்தம். ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது: கீழ்ப்படியாமை மூன்று முறை பதிவானால் டிசி கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.

மேடம் தலைமையில் ஒரு குழு. தலைமையாசிரியர்கள் நான்கு பேர். எழுதுவது அதாவது சார், தட்டச்சு நான். ஒரே மாதத்தில் முடித்துவிடலாம் என்று மேடம் நம்பினார். முதல் நாளே, 'வகுப்பு நேரத்தில் சும்மா இருத்தல்' என்ற குற்றத்தில் வண்டி நின்றது.

"அதாவது மேடம், புள்ளைங்க பேசிக்கிட்டு இருந்தா 'சும்மா இரு'ன்றோம். பேசாம இருந்தா 'ஏன் சும்மா இருக்கே'ன்றோம். அது இன்னாதான் பண்ணும்?"

நான்கு தலைமையாசிரியர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சும்மா இருப்பது ஒரு செயலா, செயலின்மையா என்று தொடங்கிய பேச்சு மதியச் சாப்பாட்டையும் தாண்டியது. வெளியே பத்துப் பதினைந்து பேர் கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில் களைத்துப்போய் அந்தக் குற்றத்தையே நீக்கிவிட்டார்கள். அதாவது சார் சிவப்புப் பென்சிலை எடுத்து, பூ வரைகிற மாதிரி நிதானமாக ஒரு கோடு போட்டார்.

எல்லாமே கோமாளித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். கிண்டலுக்கும் துன்புறுத்தலுக்கும் எங்கே எல்லை போடுவது என்று குழு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டது. அவர் மின்விசிறியிலிருந்து பார்வையை இறக்கி, "அதாவது, ரெண்டு பேரும் சிரிச்சா கிண்டல். ஒருத்தன் மட்டும் சிரிச்சா துன்புறுத்தல்" என்றார். யாரும் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. அப்படியே தட்டச்சு செய்தேன்.

பதினேழாவது விதியில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. மாணவர்கள் 'ஃப்ளானே' செய்யக் கூடாதாம். செல்போனில் அர்த்தம் பார்த்துச் சொல்லட்டுமா என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த தெருவில் பிரெஞ்சு ட்யூஷன் எடுக்கும், ஊரே 'மதாம்' என்று கூப்பிடும் ஓர் அம்மாளிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மதாம் வாசற்படியில் நின்றபடியே சிரித்தார்.

"ஃப்ளானேன்னா, அவசரமில்லாம, எங்க போறோம்னு ஒரு நெனப்பும் இல்லாம, எல்லாத்தையும் பாத்துக்கிட்டே நடக்கிறது. இதுவா குத்தம்? மோன் தியே, கடவுளே! இந்த ஊர்ல மொத்தப் பேரையும் இல்ல புடிக்கணும்?"

"செஞ்சு பாக்காம எப்படி எழுதறது?" என்றார் அதாவது சார், தெருவில் இறங்கியதும்.

செய்து பார்த்தோம். மாலை நான்கு மணி இருக்கும். மஞ்சள் சுவர்களில் வெயில் சாய்ந்து, பார்க்கிற எல்லாவற்றிலும் தேன் தடவிய மாதிரி இருந்தது. காகிதப்பூக்கள் மதிலைத் தாண்டி வந்து நடைபாதையில் உதிர்ந்து கிடந்தன. நிறுத்தி வைத்த ஸ்கூட்டரின் இருக்கையில் ஒரு பூனை தூங்கியது. அது எழுந்திருக்கும்வரை நின்று பார்த்தோம். ஒரு வீட்டில் யாரோ பியானோவில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தப்பாக வாசித்தார்கள்; அது சரியாக வரும்வரை நின்றோம். கால்கள் தாமாகக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டு போயின. இருபது வருடமாக இதே ஊரில் வேலை பார்க்கிறேன். கடல் அத்தனை அருகில் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாறைமேல் உட்கார்ந்திருந்தபோது பின்னால் ஒரு கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. மேடம்.

"ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க?"

"அதாவது மேடம், விதி பதினேழு."

மறுநாள் இருவருக்கும் மெமோ. என் வாழ்க்கையின் முதல் மெமோ. அவர் நீலப் பென்சிலால் பதில் எழுதினார்: 'அலைந்தது உண்மை. குற்றம் என்றால் என்னவென்று குழு இன்னும் முடிவு செய்யவில்லை.' அந்தப் பதிலைப் படித்துவிட்டு மேடம் மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் கோமதியின் அம்மா வந்தார். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. சீருடையோடு, கையில் ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் எங்கள் இரண்டு மேசைகளுக்கும் நடுவில் நின்றார். பின்னால் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் கோமதி. கருவடிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் நகரத்துப் பள்ளிக்கு வருகிற பெண். மூன்று முறை கீழ்ப்படியாமை பதிவாகிவிட்டதாம். வெள்ளிக்கிழமை வந்து டிசி வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கடிதம். பதிவேட்டு நகலில் மூன்று இடத்திலும் ஒரே வாசகம்: 'வகுப்பில் இருந்தும் இல்லை.'

"ஒரு வம்புக்கும் போவாத புள்ள சார். ஜன்னலாண்ட பாத்துக்கிட்டே இருக்கும். அதுக்கா டிசி? நடு வருசத்துல வேற யாரு சேத்துப்பாங்க? ஊட்லயே உக்காந்துடும் சார்."

அம்மா கடிதத்தை மேசைமேல் வைத்தார். அதாவது சார் தம் நாற்காலியை அவருக்கு நகர்த்திக் கொடுத்துவிட்டு, கோமதியிடம் கேட்டார்: "ஜன்னல்ல இன்னாம்மா பாக்கிற?"

கோமதி அம்மாவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பாக்கிறேன்னே எனக்குத் தெரியாது சார். கூப்ட்டப்புறந்தான் தெரியும்."

அவர் அதை நீலப் பென்சிலால் எழுதி, அடியில் கோடு போட்டார்.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் அந்த வகுப்பில் இருந்தோம். நான் குறிப்பெடுக்கக் கதவோரம். அவர் ஜன்னலோரத்தில் கோமதியின் இடத்தில். முழங்கால் இரண்டும் பெஞ்சில் இடித்தன. கோமதி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். கணக்கு டீச்சர் கண்டிப்பானவர். "பார்வையாளர்னாலும் பாடத்தைக் கவனிக்கணும் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் சாக்பீஸை எடுத்தார்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு மொட்டைமாடியில் நீலப்புடவை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கடல். அந்த ஒரு சாணுக்குள் இடது பக்கமாக ஒரு படகு நுழைந்தது. அது வலது பக்கம் போய் மறைய எவ்வளவு நேரம் ஆகும்? கதவோரத்திலிருந்து எனக்கே கண்ணை எடுக்க முடியவில்லை.

"சார், எக்ஸோட மதிப்பு என்ன?" என்று டீச்சர் கேட்டார். அதாவது சாரிடம் அசைவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டார். இல்லை. மூன்றாவது முறை மேசையைத் தட்டியே கூப்பிட்டார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. கோமதி மட்டும் சிரிக்காமல், அவர் முழங்கையை லேசாகத் தொட்டு, "சார், கூப்புடறாங்க" என்றாள்.

அவர் தூக்கத்திலிருந்து எழுந்தவர் போல் திரும்பினார். "போயிடுச்சா?" என்றார்.

டீச்சர் பதிவேட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். கோமதிக்கு மூணு பதிவுக்கு மூணு மாசம் ஆச்சு. நீங்க ஒரே பீரியட்ல முடிச்சிட்டீங்க."

வியாழக்கிழமை குழு கூடியது. அதாவது சார் பதிவேட்டின் நகலை மேடம் முன்னால் வைத்தார்.

"என் பேரு மூணு தடவை இருக்கு மேடம். நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு டிசி குடுத்தா எனக்கும் குடுக்கணும்."

"விளையாடாதீங்க. டீச்சர் கூப்பிட்டது உங்க காதுல விழலையா?"

"விழல மேடம். படகு ஒண்ணு போயிட்டிருந்துச்சு."

வயதில் மூத்த தலைமையாசிரியர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாம் படித்த பள்ளியின் ஜன்னலுக்கு வெளியே ஒரு தச்சர் நாள் முழுக்க மரம் இழைத்ததையும், சுருள் சுருளாகப் பறந்த மரச்சீவல்களையும் பற்றிச் சொன்னார். அடுத்தவர், ரெட்டியார்பாளையத்தில் வகுப்புக்கு வெளியே பஸ்கள் போனதையும், ஒவ்வொரு பஸ்ஸிலும் தாம் மனதிலேயே ஏறி விழுப்புரம்வரை போய்விட்டு வந்ததையும் சொன்னார். மற்ற இருவருக்கும் சொல்ல இருந்தது. எல்லோரும் சொல்லி முடித்த பிறகு மேடம் மேசையைப் பார்த்தபடியே, "எங்க ஸ்கூல்ல ஒரு தண்ணித்தொட்டி இருந்துச்சு. அதுல மேகம் போகும்" என்றார். நான் தட்டச்சு செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தேன்.

அன்று நிறைவேறிய விளக்கம் இது: 'கீழ்ப்படியாமை என்பது, சொன்னதைக் கேட்டு, புரிந்துகொண்டு, செய்ய இயன்றும் வேண்டுமென்றே மறுப்பது. கவனம் வேறிடம் செல்வது கீழ்ப்படியாமை ஆகாது. அத்தகைய மாணவரை அருகில் சென்று மெல்ல அழைக்க வேண்டும்.'

"மெல்லன்னா எவ்வளவு சத்தம்?" என்று ஒரு தலைமையாசிரியர் கேட்டார். எல்லோரும் அதாவது சாரைப் பார்த்தோம். அவருடைய வித்தை அவர்மேலேயே திரும்பியிருந்தது. அவர் மின்விசிறியைப் பார்க்கவில்லை. எழுந்து கேட்டவரிடம் போய், குனிந்து, அவர் முழங்கையைத் தொட்டு, "சார்" என்றார். அவ்வளவுதான். தலைமையாசிரியர் தலையை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை கோமதி டிசி வாங்கவில்லை. கணக்குப் பீரியடில் உட்கார்ந்திருந்தாள். அதே இடத்தில்தான், டீச்சர் இடத்தை மாற்றவில்லை.

புதிய விதிகள் அச்சாகிப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டாவது மாதம் அதாவது சாருக்குக் காரைக்காலுக்கு மாறுதல் உத்தரவு வந்தது. 'நிர்வாகக் காரணங்களுக்காக' என்று மட்டும் இருந்தது. மொத்த அலுவலகமும் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது. நிர்வாகம் என்றால் என்ன, காரணம் என்றால் என்ன என்று குறைந்தது நான்கு பக்கமாவது கேட்டு எழுதுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் உத்தரவை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"விளக்கம் கேக்கலியா சார்?" என்றேன்.

"அதாவது... சிலதுக்குக் கேட்டா, பதில் சொல்றவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்பா."

இப்போது என் எதிர் மேசையில் சுறுசுறுப்பான ஓர் அம்மா இருக்கிறார். எதையும் திரும்பக் கேட்பதில்லை. ஃபைல்கள் பறக்கின்றன. மேடம்கூட ஒரு நாள், "ஆபீஸ் ரொம்ப அமைதியா இருக்குல்ல?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார்.

வருகிற சனிக்கிழமை காரைக்காலில் ஒரு முக்கியமான வேலை இருப்பதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது.