நான் தரம் பார்த்த பால்புட்டி

ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் தொழில் என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் (டேனரியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்) நான் செலக்டராக இருந்தேன். பதனிட்டுக் காய்ந்து வரும் தோலை மேசையில் விரித்து, விரலால் தடவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிவு என்று பிரித்துப் போட வேண்டும். கடுகத்தனை ஓட்டை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. ஊசி முனை ஓட்டைக்காக ஒரு நல்ல ஆட்டுத்தோலைத் தூக்கி எறிந்தவன் என்று முதலாளியே வெளியாட்களிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்.

இந்தப் பெருமை ஷாப்போடு நின்றிருந்தால் நல்லது. நிற்கவில்லை. கத்தரிக்காய் வாங்கினால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பேன். சட்டைத்துணி எடுக்கப் போனால் கடைக்காரர் என்னைக் கண்டதும் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும்... (வேண்டாம். சரோஜா இதைப் படிப்பாள்.)

சரோஜா என் மனைவி. நயா பைசா புதிதாக வந்து ஊரே கணக்கில் குழம்பிக்கொண்டிருந்த சமயத்தில் எங்களுக்கு வசந்தா பிறந்தாள். குழந்தை பிறந்துவிட்டால் பால் தானாகச் சுரக்கும், குழந்தை தானாகக் குடிக்கும், அப்பன்காரன் பக்கத்தில் நின்று மீசையை முறுக்கினால் போதும் என்பது என் எண்ணம். நடந்தது வேறு. வசந்தாவுக்கு வாயை அகலத் திறந்து பிடிக்கத் தெரியவில்லை. நுனியை மட்டும் கவ்வி இழுத்தாள். சரோஜாவுக்குக் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஆனாலும் ஒரு வேளைகூடக் கொடுக்காமல் விட்டதில்லை.

சரோஜாவுக்குத் தாய் இல்லை. அடுத்த தெருவிலிருந்த என் அக்கா தனம்தான் வந்து ஒத்தாசை செய்தாள். தெருப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. ஒருத்தி பூண்டு என்றாள், ஒருத்தி சுறாப்புட்டு என்றாள், ஒருத்தி வெந்தயக்களி என்றாள். எல்லாவற்றையும் சாப்பிட்டதில் பால் ஜாஸ்தியானது. குழந்தை சரியாக இழுக்காததால் இடது பக்கம் கட்டிக்கொண்டது.

"மல்லிப்பூவ வெச்சிக் கட்னா கட்டு எறங்கும்டா. பஜாருக்குப் போய் நெருக்கமா கட்டினதா பாத்து வாங்கினு வா" என்றாள் அக்கா.

பூக்காரியின் பொறுமையைச் சோதித்து, வாடிய மொட்டு ஒன்றுகூட இல்லாத சரமாகப் பார்த்து வாங்கி வந்தேன். கல்யாணமான பிறகு நான் பூ வாங்கி வந்தது அதுதான் முதல் தடவை. சரோஜாவுக்கு அந்த வலியிலும் முகம் மலர்ந்துவிட்டது.

"எனக்கா வாங்கினு வந்தீங்க?"

"தலைக்கு இல்ல. கட்டிக்கு" என்றேன்.

பூவுக்குக் கட்டி இறங்கவில்லை. காய்ச்சல் ஏறி, அந்த இடம் சிவந்து கல்லாகிவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். சீழ் வைத்திருக்கிறது, கீறி எடுக்க வேண்டும், டாக்டரம்மா வந்து பார்ப்பார் என்று நர்ஸ் படுக்கை கொடுத்தார். டாக்டரம்மா வருவதற்குள் நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். காய்ச்சல்காரியின் பால் குழந்தைக்கு ஆகாது. (யார் சொன்னது என்று கேட்காதீர்கள். அந்த வயதில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், நானே ஒப்புக்கொள்வேன்.) குழந்தையை ஆம்பூருக்குத் தூக்கிப் போய்ப் புட்டிப்பால் கொடுப்பது என்று தீர்மானம்.

"டாக்டரம்மா வந்துடட்டும்ங்க. ஒரு வார்த்த கேட்டுகினு அப்பறம் தூக்கினு போங்க" என்றாள் சரோஜா. "கொயந்த குடிக்கலன்னா பால் நின்னு பூடும்ங்க. அப்பறம் வராதுன்னு சொல்றாங்க."

"நீ எதுக்கும் கவலப்படாத. நான் இருக்கேன் இல்ல?"

"அதான்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் அப்போது எனக்கு விளங்கவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் ஏறுவதற்கு முன் லாங் பஜாரில் பால்புட்டி வாங்கினேன். இப்போது வரும் நெட்டைப் புட்டி அல்ல. படகு மாதிரி வளைந்து இரண்டு முனையிலும் வாய் இருக்கும் கண்ணாடிப் புட்டி. கடையில் இருந்த அத்தனை புட்டிகளையும் வெயிலில் தூக்கிப் பார்த்துக் கண்ணாடியில் குமிழி இல்லாததாக ஒன்றை எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் உள்ளே இரண்டு ரப்பர். ஒன்று குழந்தை வாயில் வைக்கும் காம்பு. இன்னொன்று மூடி மாதிரி இருந்தது. பழக்கதோஷத்தில் அந்த மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நடுவில் ஓர் ஓட்டை.

கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று எனக்கு மகா சந்தோஷம். "பாத்தியாக்கா, என் கண்ணையே ஏமாத்தப் பாக்கறான்" என்று சொல்லி அந்த ரப்பரைப் பின்பக்கத்துச் சாக்கடையில் வீசி எறிந்தேன். பெட்டியில் இங்கிலீஷில் அச்சடித்த தாள் ஒன்றும் இருந்தது. மட்டமான காகிதம் என்பதால் அதை நான் மதிக்கவில்லை.

இப்போது அந்த முனையை அடைக்க வேண்டும். என்னிடம் இல்லாத தோலா. நல்ல கெட்டி மாட்டுத்தோல் துண்டுகளை வட்டம் வட்டமாக வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, ஓரத்தைச் சீவி, சுத்தியால் தட்டி ஒரு தக்கை செய்தேன். புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அந்தப் பக்கம் ஒரு சொட்டு சிந்தாது. அந்தத் தக்கையை இன்றைக்குக் கொடுத்தாலும் முதல் தரம் என்றுதான் போடுவேன். சுத்தம் முக்கியம் என்று புட்டியையும் தக்கையையும் ஒன்றாகவே கொதிக்க வைத்தேன்.

"எதுக்குடா இந்தக் கூத்து? சங்குல ஊத்துனா ரெண்டு மடக்கு குடிச்சிட்டுத் தூங்கிடும்" என்றாள் அக்கா.

"சங்கெல்லாம் அந்தக் காலம்க்கா. இது சயின்ஸ்."

சயின்ஸை வசந்தாவின் வாயில் வைத்தேன். பசியில் ஆவலாகக் கவ்வி ஒரு இழு இழுத்தாள். கொஞ்சம் வந்தது. இன்னொரு இழு. ரப்பர் காம்பு சப்பையாக ஒட்டிக்கொண்டது. பால் வரவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வீடு அதிர அழுதாள். வாயை எடுத்தாள், பிடித்தாள், மறுபடி அதே கதை. காம்பில் துளை சின்னது என்று நான் தீர்ப்புச் சொல்லி, தோல் தைக்கும் குத்தூசியால் ஒரு குத்துக் குத்தினேன். அடுத்த தடவை முதல் இழுப்புக்கே பால் பீய்ச்சி மூக்கில் ஏறிப் புரையேறிவிட்டது. அதற்குப் பிறகு மறுபடியும் நின்றுவிட்டது. அதோடு புட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா புட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "இன்னாடா இது, ஷாப்புத் தண்ணி மாதிரி வாசன வருது?"

தோல் பதனிட எங்கள் ஷாப்பில் ஆவாரம்பட்டைதான் போடுவோம். வெந்நீரில் வெந்த தக்கையிலிருந்து அந்தச் சாயம் பாலில் இறங்கியிருந்தது. "மாடு இன்னாத்த மேஞ்சதோ" என்றேன் நான்.

நான் அந்தப் பக்கம் போன சமயம் பார்த்து அக்கா சங்கில் பால் ஊற்றியிருக்கிறாள். பாதி உள்ளே போயிற்று, பாதி கழுத்தில் வழிந்தது. உள்ளே போன பாதிதான் குழந்தையைக் காப்பாற்றியது. மறுநாள் காலையில் வசந்தாவுக்குக் குரல் கம்மிவிட்டது. வாய் திறந்து அழுகிறாள், சத்தம் வரவில்லை. நான் ரொம்பவே பயந்துபோனேன். "நான் இருக்கேன் இல்ல" என்று சொன்னது யார் என்பது நினைவுக்கு வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, குழந்தையையும் புட்டியில் புதுப் பாலையும் எடுத்துக்கொண்டு வேலூர் பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் புர்கா போட்ட ஓர் அம்மா. நான் புட்டியை நீட்டுவதும் குழந்தை திமிறுவதுமாகக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொயந்தைக்கு இன்னா குடுக்கற பேட்டா, டீயா?"

"பாலும்மா."

"பாலா? இந்தக் கலர்ல எந்த மாடு கறக்குது?"

பஸ்ஸில் சிரிப்பு. அது மதுவிலக்குக் காலம். தோல் தக்கை போட்ட புட்டி, அதில் கலங்கலாக ஏதோ, கண் சிவந்து சவரம் செய்யாத ஓர் ஆள். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

"இன்னாயா அது? தொற, மோந்து பாக்கணும்."

"கொயந்த பாலுங்க."

"எல்லாரும் அப்டிதான் சொல்றாங்க. தொற."

குழந்தை மடியில், காம்பு அவள் வாயில், என் ஒரு கை அவள் தலைக்கடியில். வேறு வழியில்லாமல் தக்கையைப் பல்லால் கடித்து இழுத்தேன். 'டப்' என்று வந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் சாராயம்தான் என்று கண்டக்டருக்குச் சந்தேகம் தீர்ந்தேவிட்டது. ஆனால் அடுத்த வார்த்தை அவர் பேசுவதற்குள் 'மொடக் மொடக்' என்று ஒரு சத்தம். எல்லோரும் குனிந்து பார்த்தோம். வசந்தா குடித்துக்கொண்டிருந்தாள்.

குத்தூசி துளை வழியாகப் பால் கொட்டியதால் மறுபடி புரையேறப் பார்த்தது. அவசரத்தில் அந்த முனையைக் கட்டைவிரலால் அடைத்தேன். பால் நின்றது. விரலை எடுத்தேன். வந்தது. ஒன்றாம் வகுப்புப் பையனுக்குப் புரிய வேண்டியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காற்று உள்ளே போனால்தான் பால் வெளியே வரும். அந்த மூடியில் இருந்த ஓட்டை, ஓட்டை அல்ல.

"வுடு பேட்டா... இப்ப மூடு... கொஞ்சம் வுடு" என்று அந்த அம்மா தாளம் சொல்ல, நான் நாதஸ்வரக்காரர் மாதிரி விரலை எடுத்து எடுத்து வைத்தேன். பள்ளிகொண்டா தாண்டும்போது புட்டி காலி. கண்டக்டர் தக்கையைக் குனிந்து எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என் சட்டைப் பையில் போட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். யாரும் கேட்காமலே, கண்ணில் தூசி என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் வார்டு வாசலிலேயே வசந்தா மறுபடி சிணுங்க ஆரம்பித்தாள். கம்மிப்போன அந்தக் குரலைக் கேட்டதும், கட்டியைக் கீறிக் கட்டுப் போட்டுப் படுத்திருந்த சரோஜா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நல்ல பக்கத்தில் பால் தானாகப் பொங்கி ரவிக்கை நனைந்தது. பக்கத்தில் நின்ற டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் கழிவுத் தோலாகிவிட்டேன்.

"யாருங்க உங்கள கொழந்தைய எடுத்துனு போகச் சொன்னது? ஒரு பக்கம்தானே கட்டி? இந்தப் பக்கம் தாராளமா குடுக்கலாம். நேத்தே சொல்லலாம்னு வந்தா நீங்க பஸ் ஏறிட்டீங்க."

அப்படியானால் புட்டியே தேவையில்லை. சயின்ஸ் தேவையில்லை. நான் அங்கேயே ஒரு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

ஆனால் வசந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்றிலிருந்து வாய்க்குள் வந்ததெல்லாம் அவளை ஏமாற்றியிருந்தது. இனி எதையும் நம்புவதாக இல்லை. சரோஜா அவளை மார்போடு அணைத்துப் பார்த்தாள், கை மாற்றிப் பார்த்தாள். குழந்தை முதுகை வளைத்துக்கொண்டு அழுதது. "என்ன மறந்துட்டாளா?" என்று சரோஜா கேட்டது என்னைத்தான். அந்த வார்டில் நான் நின்ற நிற்பு எந்த எதிரிக்கும் வரக் கூடாது.

டாக்டரம்மா குழந்தையைச் சற்று நிமிர்த்தி, வாய் அகலத் திறக்கும்வரை காத்திருக்கச் சொன்னார். சரோஜா ஒரு சொட்டுப் பாலை அவள் உதட்டில் விட்டாள். வசந்தா நக்கினாள். இன்னொரு சொட்டு. கொட்டாவி விடுவதுபோல வாயை முழுதாகத் திறந்தாள். பிறந்ததிலிருந்து தெரியாதிருந்த வித்தை அன்றைக்குத்தான் பிடிபட்டது. கருவட்டம் வரைக்கும் கவ்விக் குடிக்க ஆரம்பித்தாள். சரோஜா பல்லைக் கடிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து சரோஜா என் கையிலிருந்த புட்டியைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரியிடம் அதே மாதிரிப் புட்டி இருந்தது.

"அந்தப் பக்கத்து ரப்பர் எங்க?"

"அது ஓட்டையா இருந்துச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"அப்ப இன்னாத்தால மூடினீங்க?"

பையிலிருந்து தக்கையை எடுத்துக் காட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். சிரிப்பு. "அய்யோ, சிரிக்க வெக்காதீங்க, வலிக்குது" என்று கட்டுப்போட்ட மாரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "புட்டிக்கும் மூச்சு வுட எடம் வாணும் இல்லீங்க?"

இந்த வாக்கியம் எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. வசந்தா பெரியவளாகிப் படித்த காலத்தில் நான் அவள் போகிற வருகிற இடத்தையெல்லாம் விசாரித்தால், "நைனா, புட்டிக்கு மூச்சு" என்பாள். அவளுக்கு வந்த மாப்பிள்ளைகளை நான் ஒவ்வொருவராக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது சரோஜா அஞ்சறைப் பெட்டியிலிருந்து தக்கையை எடுத்து என் காப்பி டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்து வந்த பையனுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். நல்ல பிள்ளை. (ஒரு சின்ன ஓட்டை உண்டு, சொல்லமாட்டேன்.)

வசந்தாவுக்குப் பிரசவமாகி வீட்டுக்கு வந்த அன்று உள்ளே குழந்தை விடாமல் அழுதது. பால் பிடிக்கவில்லை போலிருக்கிறது. நான் நடையில் உலாவிக்கொண்டிருந்தேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, அப்புறம் குழந்தை அடங்கியது. கதவு லேசாகத் திறந்தது. வசந்தாவின் குரல்:

"நைனா, பேரன் குடிக்கறான், வந்து பாருங்க. கையில இருக்கற தோல் தக்கைய மட்டும் வெளியவே வெச்சிட்டு வாங்க."

கையில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.