உதிர்ந்த முடிக்குப் பொறுப்பாளர்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் தலைமை எழுத்தர் அம்மாளுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. மாத்திரைக்கு அடங்காமல் சர்க்கரை ஏறிக்கொண்டே போனதால், டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார். அது துறையின் மருந்தகத்திலேயே கிடைத்தது. ஊசி போட்டதும் சர்க்கரை இறங்கியது, எடை இறங்கியது, பசியும் இறங்கியது. அம்மாளுக்கு ஏக மகிழ்ச்சி. பிறகு தலைமுடியும் இறங்க ஆரம்பித்தது.

சீப்பை எடுத்தால் கொத்தாக வந்தது. சாப்பாட்டில் கிடந்ததை அவருடைய கணவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. இடுப்பு வரை தொங்கிய பின்னல் எலிவாலாகிப் போனதும் அம்மாள் டாக்டரிடம் ஓடினார். உடம்பு வேகமாக இளைக்கும்போது சிலருக்கு இப்படிக் கொட்டும், எடை ஒரு நிலைக்கு வந்ததும் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும், ஒழுங்காகச் சாப்பிடுங்கள், என்னைக் கேட்காமல் ஊசியை நிறுத்தாதீர்கள் என்றார் டாக்டர். அம்மாள் மனதைத் தேற்றிக்கொண்டு, தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். கேட்டவர்களுக்கெல்லாம் விஷயத்தை உள்ளது உள்ளபடி சொன்னார். அதுதான் அவர் செய்த தப்பு.

அவர் இளைத்ததைப் பார்த்து அலுவலகமே இளைக்கத் தொடங்கியது. நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் நடுவே பிதுங்கிக்கொண்டு நிர்வாகம் செய்துவந்த இயக்குநர், இப்போது பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். என்ன காரணம் என்று கேட்டவர்களிடம் காலை நடை என்றார். அடுத்துக் கணக்கர் இளைத்தார். அவருக்கும் காலை நடை. தட்டச்சர், கிடங்குப் பொறுப்பாளர், வாகன ஓட்டுநர், எல்லோருக்கும் காலை நடைதான். தெருவில் காலையில் உண்மையாகவே நடந்த யாரும் இவர்களைப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு திங்கட்கிழமை இயக்குநர் பாதி நெற்றியை மூடிய கன்னங்கரிய முடியோடு வந்தார். அது வெள்ளிக்கிழமை இருந்த முடி அல்ல என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மறுவாரம் கணக்கரும் அதே கடையில் வாங்கிவிட்டார் போலிருக்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே ஆளாகத் தெரிந்தார்கள்.

இந்த நிலையில்தான் அலுவலகத்தின் கைகழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது. ஊருக்கே தண்ணீர் விடுகிற அலுவலகத்தில் தண்ணீர் போக வழியில்லை. குழாய்க்காரர் வந்து கம்பியை விட்டுச் சுழற்றி இழுத்தார். பூனைக்குட்டி அளவில் ஒரு முடிப்பந்து வெளியே வந்தது. அது அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் அதைத் தொட்டார்.

உடனே இயக்குநர் தலைமையில் முடி உதிர்வு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. முடிப்பந்தை ஒரு தட்டில் வைத்து அம்மாளைக் கூப்பிட்டார்கள்.

"இது உங்க முடிதானே?" என்றார் இயக்குநர்.

"இதுல பாதி சுருட்டையா இருக்கு சார். என்னோடது நேர் முடி."

"ஊசி போட்டதுல சுருண்டிருக்கும்" என்றார் கணக்கர், தன் தலையை இரண்டு கையாலும் மெல்லச் சரிசெய்துகொண்டே.

"இதோ, இது மீசை முடி சார்."

குழு சற்று யோசித்தது. "அது உதிர்ந்துட்டதாலதான் இப்போ உங்களுக்கு மீசை இல்லை" என்றார் இயக்குநர்.

இவ்வலுவலகத்தில் மேற்படி ஊசியைச் செலுத்திக்கொள்பவர் தாம் என அன்னார் ஒருவரே ஒப்புக்கொண்டிருப்பதாலும், ஏனையோர் நடைப்பயிற்சி மட்டுமே மேற்கொள்வதாலும், உதிர்ந்த, உதிர்கின்ற, இனி உதிரவிருக்கின்ற முடி அனைத்துக்கும் அன்னாரே பொறுப்பாளர் எனக் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

தீர்மானத்தின் நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அம்மாள் அந்த வாரத்து ஊசியை வாங்க மருந்தகத்துக்குப் போனார். இருப்பு இல்லை என்றார் மருந்தாளர். உங்கள் அலுவலகத்து ஆட்களே பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், மேலிடத்து உத்தரவு என்கிறார்கள், நான் என்ன செய்ய என்று கையை விரித்தார். வெளிக்கடைகளிலும் இல்லை. டாக்டர் தற்காலிகமாக வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை கேட்கவில்லை. தலை சுற்றியது, கண் மங்கியது. அம்மாள் விடுப்பில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அவர் இல்லாதபோது தொட்டி மறுபடியும் அடைத்தது. குழு மறுபடியும் கூடியது. விடுப்பில் இருந்துகொண்டே முன் அனுமதியின்றி அலுவலகத்தில் முடி உதிர்த்ததாக அவர்மேல் கூடுதல் குற்றச்சாட்டு எழுதியது.

உடம்பு முழுசாகத் தேறாமலே வேலைக்குத் திரும்பிய அம்மாள், சாப்பாட்டு டப்பாவை வைப்பதற்காக அலுவலகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். மற்றவர்களின் டப்பாக்களுக்குப் பின்னால், செய்தித்தாள் சுற்றிய பொட்டலங்கள் சுவர்போல அடுக்கியிருந்தன. ஒன்றைப் பிரித்தார். அவருடைய ஊசி. இன்னொன்றைப் பிரித்தார். அதுவும் அதே ஊசி. ஒரு மருந்துக்காக எத்தனை கடைப் படி ஏறி இறங்கினோம் என்று நினைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு, குழு கூடியிருந்த அறைக்குள் போய் மேசைமேல் கவிழ்த்தார்.

"இதெல்லாம் யாரோடது சார்?"

ஆளாளுக்குக் கோப்பைப் புரட்டினார்கள். என்னுடையது என்றால் காலை நடை என்னாவது?

"ஊசி போடறவ நான் ஒருத்திதான்னு நீங்களே தீர்மானம் போட்டிருக்கீங்க. அப்போ இது அத்தனையும் என்னோடதுதானே?"

இயக்குநரின் கை பெட்டிகளை நோக்கி நகர்ந்தது. பாதி வழியில் மனம் மாறி, தலையைத் தடவப் போய்விட்டது. "குழு தீர்மானிச்சா தீர்மானிச்சதுதான்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அம்மாள் தனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, பிரிக்காத பெட்டிகளை மருந்தகத்தில் ஒப்படைத்தார். டாக்டர் சீட்டு இருக்கிற சர்க்கரைக்காரர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று மருந்தாளரிடம் கண்டிப்பாகச் சொன்னார். மெல்ல மெல்ல அவருடைய சர்க்கரை வழிக்கு வந்தது. எடை ஒரு நிலையில் நின்றது. தலையில் குருவிக்குஞ்சுபோல முடி முளைத்தது.

ஊசி போன துக்கத்தில் அலுவலகமும் பழையபடி பெருத்தது. பலருக்கு முடி திரும்ப வளர்ந்தது. தொட்டியில் தண்ணீர் ஓடியது. தன் தலைமையில் முடி மீட்புத் திட்டம் மகத்தான வெற்றி பெற்றதாக இயக்குநர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். மேலிடம் கேடயம் கொடுத்தது. செய்தி ஊரெல்லாம் பரவியது.

மறுநாள் காலை அலுவலகத்தில் அம்மாளின் சன்னலுக்கு வெளியே வரிசை தெருமுனை வரை நின்றது. முடிக் கலவரத்தில் பல தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடவே மறந்துபோயிருந்தார்கள். திட்டு வாங்க மனதைத் தயார் செய்துகொண்டு, முதலில் நின்ற தொப்பிக்காரரிடம் பேசினார்.

"எந்தத் தெரு? எவ்வளவு நாளா தண்ணி வரலை?"

"தண்ணி கிடக்கட்டும் மேடம்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு தொப்பியைக் கழற்றினார். "அந்த முடித் திட்டத்துல பொதுமக்களையும் சேர்ப்பீங்களா?"

அவருக்குப் பின்னால், தெருமுனை வரைக்கும், ஒவ்வொன்றாகத் தொப்பிகள் கழன்றன.