ஏரிக்குக் கிடைத்த சிவப்பு

பனி உறைந்த மின்கம்பிமேல் பக்கவாட்டில் காற்று அடித்தால், கம்பி சாமி வந்ததுபோல மேலும் கீழும் குதிக்கும். ஒன்றோடொன்று முட்டும், ஊர் இருளும். சீனாவின் லியாவ்நிங் கடலோரத்தில் இது குளிர்காலத்தோடு கூடவே வரும் விருந்தாளி. ஆகவே, கம்பி எங்கே குதிக்கும், எங்கே குதிக்காது என்று நிறம் தீட்டிய வரைபடத்தைச் சமர்ப்பிக்கும்படி மேலிடம் பணித்தது. சிவப்பு என்றால் அபாயம். கம்பிகள் முட்டாமல் நடுவே மாட்டத் தடுப்புக் கோல்கள் வரும். பச்சை என்றால் ஒன்றும் வராது.

வட்ட மின் அலுவலகத்து லுவான் கடலோரம் முழுக்கச் சிவப்படித்தார். அன்று மாலையே மனைவி குய்ராங் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, நம்ம ஸ்ட்ராபெர்ரி கூடாரத்தையும் சிவப்புல போட்டுட்டீங்களாமே?”

“காத்து அங்கதானே அடிக்குது?”

“அடிச்சிட்டுப் போகட்டும். சிவப்புன்னு தெரிஞ்சா எந்த பேங்க்ல கடன் குடுப்பான்? இந்த வருச வெள்ளாமையே அதுலதான் இருக்கு!”

கூடாரம் பச்சையானது. சேதி கசிந்தது. விடுதிக்காரர் வந்தார், தலைமையாசிரியர் வந்தார். “சிவப்பு ஊருக்கு எவன்யா பொண்ணு குடுப்பான்?” என்று கல்யாணத் தரகரும் வந்தார். எல்லாருக்கும் பச்சை.

இயக்குநர் தியாவ் வரைபடத்தைப் பார்த்து முகம் சுளித்தார். “முழுப் பச்சையா இருந்தா மேல சந்தேகப்படுவாங்கப்பா. கொஞ்சம் சிவப்பு வை. புகார் குடுக்காத ஆளாப் பாத்து வை.”

வட்டத்தில் புகார் கொடுக்காத ஒரே ஆள் ஏரி. லுவான் அதற்குச் சிவப்படித்தார். முறைப்படி லாரி நிறையக் கோல்கள் வந்து இறங்கின.

“ஐயா, ஏரியில கம்பியே இல்லீங்களே, எதுல மாட்டுறது?” என்று தியாவிடம் கேட்டார் லுவான்.

“அப்ப கம்பிதான் குறை. கம்பி இழு.”

பக்கத்து வட்டத்திலிருந்து ஏரிக்குக் குறுக்கே கம்பி இழுத்து, கோல்கள் மாட்டி, கடைசிக் கம்பத்தில் ‘அபாயப் பகுதி’ என்று பலகை வைத்து, அதற்கு ஒரு பல்பும் போட்டார்கள்.

தை பிறக்கும் சமயத்தில் பனியும் காற்றும் சேர்ந்து வந்தன. பச்சைப் பகுதிக் கம்பிகள் அத்தனையும் ஆடித் தீர்த்தன. குய்ராங்கின் கூடாரத்து ஹீட்டர் அணைந்து, ஸ்ட்ராபெர்ரிகள் கூழாங்கல்லாயின. வட்டத்தில் எரிந்தது ஏரிப் பல்பு ஒன்றே.

விசாரணைக் குழு வந்தது.

“சிவப்புல சேதம்?”

“இல்லீங்க ஐயா,” என்றார் லுவான்.

“பச்சையில?”

“அங்க அபாயம் இல்லைன்னு நாமளே போட்டிருக்கோம், ஐயா.”

குழு திருப்தியோடு லுவானுக்குப் பாராட்டுப் பத்திரம் வழங்கியது.

அடுத்த இலையுதிர்காலத்தில் பழைய கூட்டமே மறுபடி வாசலில் நின்றது. இப்போதாவது புத்தி வந்ததே என்று லுவான் சிவப்பு மையை எடுத்தார்.

“ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க!” என்றாள் குய்ராங். “நாங்க பச்சையாவே இருக்கோம். அந்த ஏரிக் கம்பியிலேருந்து ஆளுக்கொரு ஒயர் இழுத்துக்கிறோம். நீங்க பாக்காத மாதிரி இருந்தாப் போதும்.”

லுவான் பார்க்கவில்லை.

முதல் பனியன்றே, ஊர் முழுக்க ஹீட்டரைப் போட்ட நிமிடத்தில், ஏரிக் கம்பி வெடித்து அறுந்து விழுந்தது. வரைபடம் சொன்ன அதே இடத்தில் அபாயம் நிகழ்ந்தது அதுவே முதல் முறை. தீர்க்கதரிசனத்துக்காக லுவானுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இருட்டிலேயே விழா நடந்தது. ஸ்ட்ராபெர்ரி போனவர்கள்தான் பலமாகக் கை தட்டினார்கள். கை தட்டினால் கொஞ்சம் சூடேறுமல்லவா?