ஏழாவது தட்டு

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைக் கண்டால் எனக்குத் தூக்கம் வராது. கெட்டுப்போனதைச் சரிசெய்ய ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கெடாததைச் சரிசெய்ய சங்கரன்கோவிலில் நான் ஒருவன்தான். நான் ‘லேசாக’ முறுக்கிவிட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டு மிக்சி சட்னியைச் சுவரில்தான் அரைக்கிறது. தண்ணீர் மோட்டாரைத் தொடமாட்டேன் என்று என் மனைவி செல்வி குலசாமி பேரில் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறாள். (காருக்கும் சேர்த்து வாங்க மறந்துவிட்டாள். எல்லா வினையும் அதிலிருந்துதான் வந்தது.)

கார் என்றால் பழைய டீசல் கார். இன்னொருவர் ஆண்டு அனுபவித்துவிட்டு எனக்குத் தள்ளிவிட்டது. ஏற்றத்தில் கொஞ்சம் திணறும், கிளம்பும்போது கொஞ்சம் கறுப்பாகப் புகைவிடும், மற்றபடி சொன்ன இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் தவிர மற்ற நாளெல்லாம் அங்கே ஈயும் நானும்தான். ஒருநாள் ஈயும் வராததால் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த வீடியோவில்தான் இஜிஆர் வால்வு என்ற சமாச்சாரம் எனக்கு அறிமுகமானது. இஞ்சின் விடுகிற புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இஞ்சினுக்கே குடிக்கக் கொடுக்கிற குழாய் வாசல் அது. தான் விட்ட புகையைத் தானே குடித்தால் எந்த இஞ்சின் உருப்படும், அந்த வாசலில் ஒரு தகட்டை வைத்து அடைத்துவிடுங்கள், வண்டி பறக்கும் என்றார் வீடியோக்காரர். அந்த வால்வை எதற்காக வைத்தார்கள், காற்று கெடாமல் இருக்க அது என்ன செய்கிறது என்று அவர் விளக்க ஆரம்பித்த இடத்தில் நான் வீடியோவைத் தள்ளிவிட்டேன். கடைசியில் ‘சில வண்டிகளில் முழுக்க அடைத்தால்’ என்று தொடங்கினார். அதையும் தள்ளிவிட்டேன். எனக்குத் தகடு எந்த அளவு என்பது மட்டும் போதுமாக இருந்தது.

தகடு எவர்சில்வரில் இருக்க வேண்டும், தகரம் என்றால் சூட்டில் ஓட்டை விழுந்துவிடும் என்று சொல்லியிருந்தார். லேத்துப் பட்டறைக்குப் போனேன். நாளைக்கு வாங்க என்றார்கள். நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உள்ளங்கால் அரிக்கும். வீட்டுக்கு வந்தேன். சமையலறை மேடையில், துலக்கித் துடைத்த எவர்சில்வர் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பளபளத்தன. அடியில் இருந்த ஒன்று பழைய காலத்துக் கனத் தட்டு. செல்வி தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

தகரம் வெட்டும் கத்திரியால் தட்டின் நடுப்பகுதியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, இரண்டு ஓட்டை போட்டு, வால்வு வாசலில் வைத்து முறுக்கினேன். மிச்சத் தட்டை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செருகினேன். தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்தேன். வண்டி பறந்தது. (உண்மையில் எப்போதும் போலத்தான் போனது. சத்தம் மட்டும் கூடியிருந்தது. சத்தம் கூடினால் வேகம் கூடியதாக நினைக்கும் வயது எனக்கு இன்னும் முடியவில்லை.)

மறுநாள் வியாழக்கிழமை சாயங்காலம் பனவடலிசத்திரத்திலிருந்து, செல்வியைப் பெற்ற மாமாவும் அத்தையும் வந்து இறங்கினார்கள். செல்வியின் தங்கை சுதாவுக்கு வாசுதேவநல்லூரில் ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. வெள்ளிக்கிழமை நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும், பிடித்தால் தட்டு மாற்ற வேண்டும், மாற்றியதும் அங்கேயே சாப்பிட்டுக் கை நனைக்க வேண்டும். தட்டு மாற்றும்வரை அந்த வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. இதற்கு முன் வந்த ஒரு சம்பந்தம் பேச்சுவார்த்தையிலேயே தட்டிப்போயிருந்ததால், இதையாவது முடித்துவிட வேண்டும் என்று அத்தை விரதமே இருந்தார். பழம், பூ, தேங்காய் வைத்துக் கொண்டுபோக அத்தை தன் வீட்டுத் தட்டுகள் ஏழு எடுத்து முன்கூட்டியே மாமாவிடம் எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

அந்த ஏழுதான் சமையலறை மேடையில் இருந்தவை. அன்று சாயங்காலம் எண்ணியபோது ஆறுதான் இருந்தன.

நல்ல காரியத்துக்குத் தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். வீட்டையே புரட்டினார்கள். எல்லோரையும்விட அதிகமாகத் தேடியவன் நான். கட்டிலுக்கடியில் தவழ்ந்தேன், பரணில் ஏறினேன், எதிர்வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன். இவ்வளவு பொறுப்பான மருமகன் யாருக்குக் கிடைப்பான் என்று மாமா கண்கலங்கினார். வழியில் புளியங்குடியில் ஒரு தட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நானே யோசனையும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் தட்டு மாற்றியாக வேண்டும். சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். தட்டுகளோடு மாமா, அத்தை, செல்வி மூவரும் என் காரில். ஊர் எல்லையைத் தாண்டியதுமே கண்ணுக்கு முன்னால் மீட்டர் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் அதன்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தேன். அடுத்த நிமிடம் வண்டி தளர்ந்தது. ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாலும் மாட்டுவண்டி வேகத்துக்கு மேல் போகமாட்டேன் என்றது.

வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எங்களைத் தாண்டிப் போனது. மொபெட்டில் வாழைக்குலை கட்டிப்போன ஒருவர் தாண்டும்போது திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்டினார். ஓரங்கட்டி, சாவியை அணைத்து, மறுபடி போட்டால் கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், பிறகு பழையபடி தளரும். அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொரு தடவையும் நான் இறங்கி, டயரை உதைத்து, வானத்தைப் பார்த்துவிட்டு ஏறினேன். (டயருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இறங்கினால் ஏதாவது செய்ய வேண்டுமே.) புளியங்குடி வந்தபோது தட்டு வாங்க நிற்கலாமா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அத்தை என்னிடம் நேராகப் பேசமாட்டார். மகளிடம்தான் சொல்வார். “ஏட்டி செல்வி, நாம இந்தச் சம்பந்தம் பேசுறதுல உன் வீட்டுக்காரருக்கு இஷ்டம் இல்ல போலுக்கு. முதல்லயே சொல்லியிருக்கலாம்லா” என்றார். குரல் உடைந்திருந்தது.

கடைசியாக அணைத்துப் போட்டது வாசுதேவநல்லூர் எல்லையில். வண்டிக்கு அப்போது என்ன ரோஷம் வந்ததோ, சீறிக்கொண்டு கிளம்பி, மாப்பிள்ளை வீட்டு வாசலில் புழுதி பறக்கப் போய் நின்றது. மணி பத்தே முக்கால். ராகு காலம் தொடங்கிவிட்டது. இனிப் பன்னிரண்டு மணிவரை எதுவும் செய்ய முடியாது.

வண்டி ரிப்பேர் என்றார் மாமா. மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்று எங்கள் வண்டி வந்த வரத்தைப் பார்த்தவர். உள்ளே போய்விட்டார். பிறகு யாரிடமோ சொன்னது மட்டும் எங்களுக்குக் கேட்டது. “வண்டி ரிப்பேராம். ரேஸுக்கு வந்த மாதிரி வருதாக. பிடிக்கலன்னா போன்ல சொல்லிட்டுப் போறது. நேரத்தைத் தப்பவிட்டுட்டு வந்து ஏன் உக்காரணும்?”

அதன்பிறகு அந்தக் கூடத்தில் நடந்ததைப் பேச்சுவார்த்தை என்று சொல்ல முடியாது. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் ஒரு மின்விசிறி. உள்ளேயிருந்து சாம்பாரும் அவியலும் மணந்தன. தண்ணீர் கேட்கக் கூடாது. நான் காலை மாற்றி மாற்றிப் போட்டேன், பாயின் ஓரத்தைப் பிரித்தேன், பிரித்ததைப் பின்னப் பார்த்தேன். அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு இவர்கள் தட்டை மாற்றப் போவதில்லை, மரியாதையாக வழியனுப்பப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வண்டி உண்மையிலேயே ஓடவில்லை என்று நிரூபிக்க ஒரே ஒரு சாட்சி இருந்தது. அதை முறுக்கி மூடியவன் நான். எடுத்துக் காட்டினால் சுதா பிழைப்பாள், நான் தொலைந்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் கூடத்தில் பாயும் மீதமில்லை. எழுந்துவிட்டேன்.

“ஒரு நிமிஷம் எல்லாரும் வெளிய வாங்க. வண்டியக் கெடுத்தது நான்தான். காட்டுதேன்” என்றேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனட்டைத் திறந்தேன். ஸ்பானர் எப்போதும் என் சீட்டுக்கடியில் இருக்கும். (செல்வியின் கைப்பை இருக்க வேண்டிய இடம்.) மாப்பிள்ளையின் அண்ணன் டிராக்டர் வைத்திருப்பவர், ஆர்வமாகப் பக்கத்தில் வந்து நின்றார். வீடியோ, வால்வு, புகை எல்லாவற்றையும் ஒப்பித்துக்கொண்டே போல்ட்டைக் கழற்றினேன். விரல் சுட்டது. கரி பிடித்த தகடு கையோடு வந்தது. இதனால்தான் வண்டி மூச்சுத் திணறியது, இவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று உயர்த்திக் காட்டினேன். கொஞ்சம் வீரமாகக்கூட இருந்தது.

அண்ணன்காரர் அதை வாங்கித் துண்டால் துடைத்தார். திருப்பிப் பார்த்தார். வெயிலுக்குக் காட்டினார்.

“அண்ணாச்சி, இதுல பேரு வெட்டியிருக்கே. சு. கோமதி. யாரு இந்தக் கோமதி?”

தட்டுக்கு அடியில் பெயர் இருக்கும் என்று பாத்திரம் வாங்கிய எந்த வீட்டுக்கும் தெரியும். நான் தட்டைத் திருப்பியே பார்க்கவில்லை. திருப்ப ஒரு நொடி ஆகியிருக்கும். அந்த நொடிக்குக்கூட எனக்குப் பொறுமை இல்லை. அண்ணன்காரரின் பார்வையைப் பார்த்தால், கோமதி என்பது நான் மறைத்து வைத்திருக்கும் யாரோ என்று நினைத்துவிட்டது தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் அப்படித்தான் ஒரு கணம் பார்த்தார்.

அத்தை படியிறங்கி வந்தார். தகட்டை வாங்கினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதன்முதலாக என்னிடம் நேராகப் பேசினார்.

“மாப்ள, இது நான்லா.”

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மா. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சம்பந்தி, உங்க மருமகன் உங்க பேர வச்சுல்லா புகைய அடைச்சிருக்காரு” என்றார். சம்பந்தி என்ற அந்த வார்த்தை விழுந்ததும் அத்தைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மாமா நேற்றுக் கண்கலங்கியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்ட முகத்தோடு நின்றார்.

பன்னிரண்டு அடித்ததும் தட்டுகளை எடுத்து வைத்தார்கள். ஆறு. மறுபடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவே அந்தத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்து, குங்குமம் வைத்து, அதன்மேல் ஒற்றைப் பாக்கை வைத்தார். அதற்கு மேல் அதில் இடமில்லை. ஏழாவது தட்டு என்று சொல்லி அதை என் கையிலேயே கொடுத்தார்கள். இரண்டு ஓட்டையுள்ள தட்டில் பாக்கு உருளாமல் ஏந்திக்கொண்டு, நான் ஆடாமல் அசையாமல் நின்றேன். என் வாழ்நாளில் நான் சும்மா நின்ற நேரம் அது ஒன்றுதான் என்று செல்வி இன்றும் சொல்கிறாள். பிறகு எல்லோரும் கை நனைத்தோம். எனக்கு மட்டும் கரி போக இரண்டு தடவை நனைக்க வேண்டியிருந்தது.

சுதாவின் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அந்தத் தகட்டை அத்தை என் கார் சாவியில் கோத்துக் கொடுத்துவிட்டார். ஓட்டை நான் போட்டதுதான், வசதியாக இருந்தது. போனட்டைத் திறக்கக் கை ஊறும்போதெல்லாம் சாவியில் அத்தையின் பெயர் என்னைப் பார்க்கும். மூடிவிடுவேன்.

ஆனால் குடும்பம் விடுவதாக இல்லை. பனவடலியிலோ வாசுதேவநல்லூரிலோ யார் வீட்டில் கரண்டி காணோம், கத்திரி காணோம் என்றாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். சகலை கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றே: “போனட்டத் திறந்து பாத்தாச்சா?”

போன வாரம் எங்கள் வீட்டில் டீ வடிகட்டியைக் காணவில்லை. செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு வந்த ரோஷத்தில் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கார் போனட்டைத் திறந்து, நன்றாகப் பார்த்துக்கொள் என்றேன். அங்கே இல்லை. அவள் மன்னிப்புக்கூடக் கேட்டாள். (வடிகட்டி ஸ்கூட்டரில் இருந்தது.)