ஜிம் சுவரில் எழுதிய குறிக்கோள்

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

தம்பி ஆர்லின் எழுதுவது. இங்கே நான், மார்லிஸ், குழந்தை ஜூனி மூவரும் உடம்பளவில் சுகம். நெப்ராஸ்காவில் குளிர் எட்டிப் பார்க்கிறது, சோளம் பாதி அறுத்தாகிவிட்டது. உன் முழங்கால் வலி அரிசோனா வெயிலில் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி உன் மகன் கார்வினைப் பற்றி.

அவனை எங்கள் பள்ளி மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் மேலே சூப்பரின்டென்டன்டாக உட்கார வைத்தபோது ஊரிலேயே அதிகமாகக் கைதட்டியவன் நான்தான். அந்தக் கையை இப்போது எங்கே ஒளித்து வைப்பதென்று தெரியவில்லை. ஜூனி இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், இன்னும் வாசிக்க வரவில்லை. படத்தைப் பார்த்துத் தானாக ஒரு கதை கட்டிவிடுகிறாள், அது புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் வாசிப்பு இல்லையே. அவளைக் கொஞ்சமாவது கரைசேர்ப்பவர் வாசிப்பு டீச்சர் மிஸஸ் பிராண்ட்வோல்ட் ஒருவர்தான். அந்த வேலையைக் கிறிஸ்துமஸோடு நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடவே கார்வினைப் போய்க் கேட்டேன். "மாமா, மாவட்டத்துக்குக் குறிக்கோள் வாசகம் ஒண்ணு எழுதுறோம். அதுல எது இருக்கோ, அதுக்குத்தான் ஆள்" என்றான். எழுதும் குழுவில் என்னையும் போட்டான். "புரொபேன் கேஸ் லாரி ஓட்டுறவருக்குக் குறிக்கோளா?" என்று மார்லிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கூட்டம் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில். ஓமஹாவிலிருந்து கென்ட்ரா என்று ஒரு ஆலோசகர் வந்திருந்தார். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டுமாம், பிறகு பிடித்த சீட்டின் மேல் தலைக்கு மூன்று பச்சைப் பொட்டு வைக்க வேண்டுமாம், பொட்டு அதிகம் வாங்கியது ஜெயித்ததாம். நான் 'பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிய வேண்டும்' என்று எழுதினேன். மற்றவர்கள் உலகக் குடிமகன், நாளைய தலைவர், சிறப்பின் பயணம் என்று எழுதியிருந்தார்கள். என் சீட்டை கென்ட்ரா சீக்குக் கோழியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு ஆர்லின். ஆனா ஒரு வருஷம் கழிச்சு யாராவது சோதிச்சுப் பார்த்துட்டா என்ன பண்றது?"

"பார்க்கட்டுமே. அதுக்குத்தானே எழுதினேன்."

கூடமே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. உலகக் குடிமகனை எவனும் சோதித்துப் பார்க்க முடியாது, அதுதான் அதன் அழகு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதற்குள் தீவனக்கடை டுவெயின், ஃபுட்பால் ஆதரவாளர் சங்கத் தலைவர், ஒரு முழுத் தாள் பொட்டையும் 'வெற்றி மனப்பான்மை' என்ற சீட்டுக்கு அம்மை போட்டதுபோல் அப்பிக்கொண்டிருந்தார். தலைக்கு மூன்றுதானே என்று கேட்டேன். "எம் பசங்க எல்லாம் டீம்ல இருக்கானுங்கப்பா. அவனுங்க பொட்டும் இதுல சேர்த்தி" என்றார். கென்ட்ரா அதையும் எண்ணிக் குறித்துக்கொண்டார். என் சீட்டில் இருந்த பொட்டெல்லாம் நானே வைத்தவை.

ஆக, 'வெற்றி மனப்பான்மை கொண்ட உலகக் குடிமக்களாகவும் நாளைய தலைவர்களாகவும் ஒவ்வொரு மாணவரையும் சிறப்பின் பயணத்தில் அழைத்துச் செல்வோம்' என்று ஜிம் சுவரில், ஸ்கோர்போர்டுக்குக் கீழே, ஆளுயர எழுத்தில் எழுதிவிட்டார்கள். எந்த ஊருக்குப் பயணம் என்று ஒரு வார்த்தை இல்லை. தினமும் காலையில் கொடி வணக்கம் முடிந்ததும் பிள்ளைகள் அதை ஒப்பிக்க வேண்டும். திறப்பு விழாவில் அதை வாசிக்க, யார் செய்த புண்ணியமோ, நம் ஜூனியை நிறுத்தினார்கள். கையில் ஒரு குச்சி. குழந்தை பதற்றத்தில் எதிர்ச்சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். அங்கே 'ஷூவோடு தரையில் ஏறாதே, தின்பண்டம் கொண்டுவராதே' என்ற அறிவிப்புப் பலகை. அதன் ஒவ்வொரு சொல்லுக்குக் கீழேயும் குச்சியை நகர்த்திக்கொண்டே குறிக்கோளை ஒரு பிசிறில்லாமல் சொல்லி முடித்தாள். கூடியிருந்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அவர்களும் எந்தச் சுவரையும் வாசிக்கவில்லை. பள்ளி வாரியத் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டாங் கிளாஸ் பிள்ளையே இந்தப் போடு போடுது, இனி வாசிப்பு டீச்சர் எதுக்கு?" என்றார்.

"அப்பா, சரியா வாசிச்சேனா?" என்று ஜூனி ஓடி வந்து கேட்டாள். குச்சியை வாங்கிக்கொண்டு அவள் தலையைத் தடவினேன். கார்வினை வண்டி நிறுத்தும் இடத்தில் மடக்கி, நடந்ததைச் சொன்னேன். "பார்க்கலாம் மாமா" என்றான். பார்க்கலாம் என்றால் நம் குடும்பத்தில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்கு முன் அத்தான் அதையே சொல்லித்தான் இழுத்தடித்தார். ஆகவே நீ உடனே போனை எடுத்து, பெற்றவள் என்ற உரிமையில் அவனை நார் நாராகக் கிழிக்க வேண்டும்.

அத்தானுக்கு ரத்த அழுத்தமும் உனக்குக் கோபமும் அளவோடு இருக்கக் கர்த்தர் அருள்வாராக. மார்லிஸ் உனக்கு அன்பைச் சொல்லச் சொன்னாள். கார்வினுக்குச் சொல்லச் சொன்னதைத் தாளில் எழுத முடியாது.

உன் தம்பி,
ஆர்லின்

பி.கு.: போன் செய்யாதே. செய்துவிட்டால் மறுபடி செய்து மன்னிப்புக் கேள். கடிதத்தை ஒட்டுவதற்குள் கார்வினே வீட்டுக்கு வந்து, மிஸஸ் பிராண்ட்வோல்டின் வாசிப்பு வேலையை நீக்கியாகிவிட்டது என்றான். வாரியத்தோடு சண்டைக்குக் கிளம்ப நான் தொப்பியை எடுத்தேன். "இருங்க மாமா. அவங்களை ஃபுட்பாலுக்கு உதவிப் பயிற்சியாளரா போட்டாச்சு. ஃபுட்பால்ல கை வைக்கிறவன் இந்த ஊர்ல இன்னும் பொறக்கலை" என்றான். வாரியத்தில் அதை முன்மொழிந்தவர் டுவெயினேதானாம். அவருடைய மூத்தவன் இத்தனை நாளும், யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று எழுதியிருக்கும் ஆட்டப் புத்தகத்தைப் படம் பார்த்தே ஒப்பேற்றியிருக்கிறான், போன ஆட்டத்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு தப்புப் பக்கம் ஓடியபோதுதான் அவனுக்கு வாசிக்க வராதென்று வீட்டுக்கே தெரிந்தது. இப்போது டீச்சர் கழுத்தில் விசிலோடு மைதானத்து பெஞ்சில் உட்கார்கிறார். ஒரு பக்கம் அந்தத் தடியன், மறுபக்கம் ஜூனி, நடுவில் ஒரு தவளைக் கதை. நேற்று ஜூனி விரலை வைத்துத் திக்கித் திணறி ஒரு வரியை முழுசாக வாசித்துவிட்டாள். தடியன் குனிந்து, "அடுத்த வரில என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டான். அவள் அதையும் வாசித்துச் சொன்னாள்.